நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு

நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு...
குக்கர் மூன்றாம் விசில் அடிக்கிறது.
அதையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.
பிரித்து, மறுபடி ஒன்றிலிருந்து.

மயூர் விஹாரில் எங்கள் பால்கனிக்கு
வெயில் வருவது பதினொன்றேகாலுக்கு.
ஒரு மணிக்கு எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டி
அதைத் தன் பின்னால் இழுத்துக்கொள்ளும்.
அதற்குள் காய வேண்டியவை:
நிறைமதியின் சீருடை, இரண்டு பெட்ஷீட்,
நான்.

பின்னலுக்கு எனக்குத் தமிழ்ச் சொல் கிடையாது.
இரண்டு சீதா, இரண்டு உல்டா என்றுதான்
இந்த ஊரில் கை பழகியது.
எண்கள் மட்டும் தமிழில் வரும்.
போனில் அக்கா கேட்டாள்:
"யாருடி அந்த சீதா? ரெண்டு பேரா?"

கிராஸ் ஸ்டிச் வேறு பையில்.
தம்பியின் புதுமனைக்கென்று தொடங்கிய மீன்கொத்தி.
புதுமனை பழைய மனையாகி
மறு வெள்ளையும் அடித்துவிட்டார்கள்.
அலகு ஆகிவிட்டது, தண்ணீர் ஆகிவிட்டது.
நடுவில் பறவை இல்லை.

அலகு, அதியனின் பல் டாக்டர் வாசலில்.
முதல் அலை, பெற்றோர் கூட்டத்தில்,
கணக்கு டீச்சர் என் பெயரை
இரண்டு முறை கூப்பிடும்வரை.
மீதித் தண்ணீரெல்லாம் சிலிண்டர்காரன் தந்தது.
"பத்தே நிமிஷம்" என்பான், ஒரு குளமே முடிந்துவிடும்.

கொக்குமூக்குக் கத்தரி பால் பாக்கெட் வெட்டுகிறது.
தையல் ஊசியால் அதியன்
போனின் சிம் தட்டைத் திறந்திருக்கிறான்.
ஒருநாள் ஒன்பதாம் நம்பர் பின்னல் ஊசியைக் காணோம்.
கட்டிலுக்கடியில் தேடி, அரிசி டப்பாவிலும் தேடி...
நிறைமதி அதைக் கொண்டையில் செருகி
டியூஷன் போயிருந்தாள்.
எழுபது கண்ணிகளும் ஒற்றை ஊசியில்
இரண்டு மணி நேரம் தவமிருந்தன.

ஸ்வெட்டர் தனபாலுக்கு.
இது மூன்றாவது குளிர்காலம்.
முன்பக்கம், முதுகு, ஒரு கை.
மற்றக் கைக்குக் கம்பளி தீர்ந்து
செவ்வாய்ச் சந்தையில் ஒரு லச்சி வாங்கினேன்,
அரை நிறம் கூடுதல் கறுப்பு.

ஞாயிறு இரவு, பந்தாகச் சுற்ற,
இரு கைகளையும் நீட்டி உட்கார்ந்தார்
கைதானவர் மாதிரி.
போன் எடுக்க முடியாது, ரிமோட் முடியாது,
மூக்குச் சொறியக்கூட என்னைத்தான் கேட்க வேண்டும்.
இவ்வளவு நேரம் என் எதிரில் அவர்
சும்மா உட்கார்ந்து எத்தனை வருடம்!

பாதி லச்சியில் சொன்னார்:
"நொய்டா ஆபீஸை மூடறாங்க.
மார்ச்சோட சரி.
தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் சிக்கும்.

தீபாவளிக்கு முன்பென்றால்
அப்போது முதுகு பின்னிக்கொண்டிருந்தேன்.
வாரம் தவறாமல் டேப் வைத்து
தோளுக்குத் தோள் அளந்திருக்கிறேன்.
பதினேழரை.
ஒவ்வொரு முறையும் அதே பதினேழரை.

"கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன்,
"தொங்குது."
தூக்கினார்.
தண்ணீர் குடிக்க வந்த அதியன்
எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.
நூல் தீர்ந்த பிறகும் அவர்
கைகளை இறக்க மறந்திருந்தார்.
பந்தை அவற்றுக்கிடையில் வைத்தேன்.

திங்கள், பதினொன்றேகால்.
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு...
மார்ச்சுக்கு எத்தனை வாரம் என்பதும்
ஸ்கூல் ஃபீஸ் எத்தனை தவணை என்பதும்
கண்ணிகளோடு கலந்துவிட்டன.
இம்முறை பிரிக்கவில்லை.
கை ஒரு விரல் நீளம் கூடும்,
மடித்துவிட்டுக்கொள்ளட்டும்.

மீன்கொத்தி உடம்புக்கு நீலம் ஆறு கட்டு வேண்டும்.
இப்போதைக்கு வாங்குவதாக இல்லை.
டப்பாவில் பச்சை நிறைய இருக்கிறது,
கிளியாகவே முடித்துவிடலாம்.
அலகு கொஞ்சம் நீளம்தான்.
தம்பி கேட்டால்,
தில்லிக் கிளி அப்படித்தான் என்று சொல்ல வேண்டும்.